ஆயிரம் கஜத்துக்கு எந்த ஆக்‌ஷன்? லீவு முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள்

தக்கலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தக்கலை, பிழைப்பு பிரிஸ்பேனில். நாலு வருஷமாக அங்கே பெல்மாண்ட் ரேஞ்சில் கிளப் துப்பாக்கியை இரவல் வாங்கி எஃப் கிளாஸ் சுடுகிறேன். தெரியாதவர்களுக்கு: குப்புறப் படுத்து, துப்பாக்கியின் முன்பக்கம் ஒரு தாங்கியிலும் பின்பக்கம் மணல் பையிலும் இருக்க, டெலஸ்கோப் வழியாகச் சுடும் போட்டி. தூரம் 1000 கஜம் வரை போகும். அந்தத் தூரத்தில் முழு மார்க் தரும் வட்டத்தின் குறுக்களவு 10 அங்குலம். அதற்குள் 5 அங்குலத்தில் எக்ஸ் வட்டம்.

லைசென்ஸ் எல்லாம் முறைப்படி இருக்கிறது. இப்போது சொந்தமாக ஒன்று கட்டலாம் என்று முடிவு. முதலில் தேர்வு செய்ய வேண்டியது ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் நடுப்பகுதி. ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். மழையும் பெய்கிறது, வேலையும் இல்லை, ஆகவே மண்டைக்குள் இதே ஓட்டம்தான். மூன்று வழி தெரிகிறது:

பழைய ரெமிங்டன் 700 ஒன்று வாங்கி, கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி மெக்கானிக்) கொடுத்து அச்சு நேராக்கிக்கொள்வது. அல்லது நியூசிலாந்து பார்னார்ட். அல்லது கடன் பட்டாவது அமெரிக்காவின் பேட் மாதிரி, துல்லியத்துக்கென்றே தனியாகச் செய்யும் ஒரு கஸ்டம் ஆக்‌ஷன். கடைசி வழிக்கு முதல் வழியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அந்தக் கூடுதல் காசு இலக்கில் தெரியுமா?

ரப்பர்க்காடு

அண்ணே, நான் .22 மட்டும் சுட்டுப் பழகுகிறவன். ஆக்‌ஷன், பேரல், ஸ்டாக் என்று தனித்தனியாக வாங்கலாம் என்பதே எனக்குப் புதுசு. முழுத் துப்பாக்கியாக வாங்க மாட்டார்களா?

வடசேரி பட்டறை

ரப்பர்க்காடு தம்பி, நான் துப்பாக்கிக்காரன் இல்லை, லேத்துக்காரன். ஆனால் இந்த விஷயம் லேத்துக்காரனுக்குத்தான் சட்டென்று புரியும். ஆக்‌ஷன் என்பது லேத்தின் ஹெட்ஸ்டாக் மாதிரி, அதாவது வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பகுதி மாதிரி. பேரல், அதாவது குழல், அதில் மரை போட்டு ஏறுகிறது. உள்ளே போல்ட் முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை அறைக்குள் தள்ளி, திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. பூட்டுவதற்கு போல்ட்டின் தலையில் பல் மாதிரி இரண்டோ மூன்றோ நான்கோ துருத்திக்கொண்டிருக்கும், அதுதான் லக். கீழே ட்ரிகர் தொங்கும். மொத்தக் கூடும், அதாவது ரிசீவர், ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் கட்டை) உட்காரும்.

இப்போது யோசித்துப் பார். பேரல் மரையின் மையம் ஒரு பக்கம், போல்ட் ஓடும் துளையின் மையம் ஒரு பக்கம், லக் மோதும் முகம் சதுரமில்லாமல் சாய்ந்திருக்கிறது என்றால் என்ன ஆகும்? இரண்டு லக்கில் ஒன்றுதான் அழுத்தம் தாங்கும். வெடிக்கிற நேரத்தில் போல்ட் ஒரு பக்கமாக நெளியும். ஹெட்ஸ்டாக் கோணலாக இருக்கிற லேத்தில் எவ்வளவு நல்ல டூல் போட்டு என்ன, வேலை கோணல்தான்.

தக்கலைக்காரரே, "அச்சு நேராக்குவது" என்கிறீர்களே, அது இதைத்தான். ரிசீவர் முகத்தைச் சதுரமாக்கி, லக் முகங்களைச் சரி பண்ணி, மரையைத் திரும்ப வெட்டுவது. செய்யலாம். ஆனால் கோணலாகப் பிறந்ததை நிமிர்த்துவதற்கும் நேராகவே பிறந்ததற்கும் வித்தியாசம் உண்டு.

ஒரு இடைச்செருகல்: உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் அங்கே திருவிதாங்கூருக்குப் பீரங்கி வார்த்தார். அந்த மண்ணில் பிறந்துவிட்டு ஆக்‌ஷனுக்கு அமெரிக்காவைத் தேடுகிறீர்கள்!

தக்கலைக்காரன்

அண்ணாச்சி, டிலனாய் இருந்தால் அவரிடமே ஆர்டர் கொடுத்திருப்பேன்.

குலசேகரம் ஹவில்தார்

1979இல் பட்டாளத்தில் சேர்ந்தவன். ரெஜிமெண்ட் அணிக்காகச் சில வருஷம் சுட்டிருக்கிறேன். எங்கள் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன், ஆக்‌ஷன் தேர்வுக்கு உதவுமா என்று நீங்களே பாருங்கள்.

லீ என்ஃபீல்ட் என்ற பழைய பிரிட்டிஷ் பட்டாளத் துப்பாக்கியில் லக் போல்ட்டின் முன்னால் கிடையாது, பின்னால் இருக்கும். நம் ஊரில் எஸ்டேட் முதலாளிகள் சிலர் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் .315 கூட அதே ஆக்‌ஷன்தான். பூட்டு பின்னால் இருப்பதால் வெடி அழுத்தத்தில் நீண்ட போல்ட் அமுங்கும், கூடு இழுபடும். வடசேரி அண்ணாச்சி கணக்குப்படி பார்த்தால் இது உருப்படாத டிசைன். ஆனால் இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் நம்பர் 4 என்ஃபீல்டுக்குக் கிட்ட தூரத்தைவிட ஆயிரம் கஜத்தில்தான் நல்ல பேர். ஏன்? அந்தக் கூடு அசைகிற அசைவில் குழல் வாய் மேல்நோக்கித் துள்ளும். வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக வெளியே வருமில்லையா, அதற்குள் வாய் இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்கும். வேகமான குண்டு தாழ்ந்து கிளம்பும், மந்தமான குண்டு உயர்ந்து கிளம்பும். இரண்டும் தூரத்தில் போய் ஒரே இடத்தில் விழும்.

ஆகவே விறைப்பாக இருப்பதுதான் எல்லாம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

வடசேரி பட்டறை

ஹவில்தார் ஐயா, கதை அருமை. ஆனால் அது அதிர்ஷ்டம், டிசைன் இல்லை. ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு, ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும். அதே துப்பாக்கியை 300 கஜத்துக்குக் கொண்டுவந்தால் மேலும் கீழுமாக இறைக்கும் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

குலசேகரம் ஹவில்தார்

இறைக்கும். ஒப்புக்கொள்கிறேன். காலை டீ குடிக்காமல் எழுதிவிட்டேன்.

வெலிங்டன் நாஞ்சிலான்

பூர்வீகம் பூதப்பாண்டி, பன்னிரண்டு வருஷமாக நியூசிலாந்து. வெலிங்டன் பக்கத்தில் ட்ரெந்தம் ரேஞ்சில் சுடுகிறேன். தக்கலைக்காரரே, முதல் வழியில் நான் போய்ப் பட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

700 நல்ல ஆக்‌ஷன், குறை சொல்ல மாட்டேன். 1962இல் வந்தது. இன்றைக்குப் பாதி கஸ்டம் ஆக்‌ஷன்கள் அதன் அடிப்பகுதி அளவையே காப்பி அடித்து வருகின்றன, அந்த அளவுக்கு ஸ்டாக்கும் ட்ரிகரும் எங்கும் கிடைக்கும் என்பதால். ரிசீவர் உருண்டைக் குழாய். பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வாஷர் மாதிரி ஒரு தகடு, அதுதான் பின்னுதையைத் தாங்கும். உருண்டையைக் கடைவது சுலபம், அதனால் தொழிற்சாலையில் மலிவாக வந்தது.

நான் செய்த தப்பு, அதை ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து நேராக்கச் சொன்னது. பேர் வேண்டாம். வேலை சுத்தமாகத்தான் செய்தார். ஆனால் பழைய மரையை நேராக்குவதற்காகக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டார். அதை என்னிடம் சொல்லவும் இல்லை, எழுதித் தரவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்துப் பேரல் தேய்ந்து, வேறு ஊரில் வேறொருவரிடம் வழக்கமான 700 மரையோடு பேரல் கடைந்து வாங்கினேன். ரிசீவருக்குள் விட்டால் கிணற்றில் போட்ட கயிறு மாதிரி ஆடுகிறது. போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அந்த வருஷம் வேடிக்கை பார்த்தேன்.

இதிலிருந்து நான் கற்றது: ஆக்‌ஷன் வாங்கும்போது முதல் பேரலை நினைக்காதீர்கள், நாலாவது பேரலை நினையுங்கள். பேரல் என்பது செருப்பு மாதிரி, தேயும். .308 அளவுத் தோட்டா என்றால் 3000 முறைக்கு மேலே கூட ஓடும். 6.5-284 மாதிரி சூடான தோட்டா என்றால் 1000 அளவிலேயே தொண்டை, அதாவது தோட்டா அறைக்கு முன்னால் குழல் தொடங்கும் இடம், எரிந்துவிடும். ஆக்‌ஷன் அப்படி இல்லை, உங்கள் பிள்ளை சுடுகிற காலம் வரை இருக்கும். நல்ல கஸ்டம் ஆக்‌ஷனில் நீங்கள் உண்மையில் காசு கொடுப்பது மாறாத அளவுக்கு. ஒன்று செய்த அளவிலேயே அடுத்ததையும் செய்திருப்பார்கள். அந்த அளவு கையில் இருந்தால், ஆக்‌ஷனைப் பார்க்காமலே கன்ஸ்மித் பேரல் கடைந்து தபாலில் அனுப்பிவிடுவார். நீங்கள் திருகி, கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டாவுக்குள்ள இடம்) பார்த்தால் போதும்.

என்னிடம் இப்போது இருப்பது பார்னார்ட் பி. மூன்று லக். கீழே மேகசின் துளை கிடையாது, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட வேண்டியதுதான். ட்ரிகரும் அவர்களுடையதே. ஒன்பது வருஷத்தில் ஐந்தாவது பேரல்.

கோடிமுனை

நான் கடல்காரன். துப்பாக்கியைப் போலீஸ் தோளில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. ஆயிரம் கஜம் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். எங்கள் கரையிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் கச்சான் ஒரு மாதிரி அடிக்கும், பாறை மறைவில் வேறு மாதிரி சுழலும். குண்டைக் காற்று தள்ளாதா? நீங்கள் எல்லோரும் இரும்பையே பேசுகிறீர்களே.

தக்கலைக்காரன்

தள்ளுமா என்று கேட்கிறீர்களா! .308இல் 155 கிரெய்ன் எடையுள்ள குண்டு வைத்துச் சுட்டால், பக்கவாட்டுக் காற்று மணிக்கு ஒரு மைல் வேகம் மாறினாலே 1000 கஜத்தில் ஏறக்குறைய 9 அங்குலம் நகர்ந்துவிடும். முழு மார்க் வட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 5 அங்குலம்தான். ஒரு மைல் தப்பாகக் கணித்தால் குண்டு அந்த வட்டத்துக்கே வெளியே போய்விடும். ஒரு மைல் காற்று என்றால் ஊதுவத்திப் புகை லேசாகச் சாய்கிற அளவு.

கோடிமுனை

அப்போ எந்த ஆக்‌ஷன் வாங்கினால் என்ன? எங்கள் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொண்டலா வாடையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ரப்பர்க்காடு

😂😂 பெரியப்பாவுக்கு விசா எடுங்கள் அண்ணே

வெலிங்டன் நாஞ்சிலான்

சிரிக்காதே தம்பி, அவர் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஆக்‌ஷன் தேர்வுக்கும் காற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காற்று ஒரே நிலையில் நிற்கிற நேரம் கொஞ்சம்தான். இருவர் மாறி மாறிச் சுடும் போட்டியில் உங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும், அங்கே வேகத்துக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் எலக்ட்ரானிக் இலக்கில் தனியாகத் தொடர்ந்து சுடும்போது, காற்று மாறுவதற்குள் நாலைந்து குண்டு போட்டுவிட்டால் லாபம். அப்போது போல்ட்டைத் திறக்க முக்க வேண்டியிருந்தால் துப்பாக்கி பையிலிருந்து நகரும். திரும்ப உட்கார வைப்பதற்குள் காற்று போய்விடும்.

அதனால் கடையில் ஆக்‌ஷனைக் கையில் எடுத்தால், வெறுமனே போல்ட்டை ஓட்டிப் பார்த்து "வழுக்குகிறது" என்று மயங்காதீர்கள். எண்ணெய் போட்டால் எல்லாமே வழுக்கும். பார்க்க வேண்டியது இரண்டு. கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்பிரிங் இறுகுகிற கனம் எவ்வளவு என்று ஒன்று. இரண்டு லக் என்றால் 90 டிகிரி தூக்க வேண்டும், மூன்று லக் என்றால் 60 போதும். ஆனால் அதே ஸ்பிரிங்கைக் குறைந்த சுற்றில் இறுக்குவதால் 60 கொஞ்சம் கனமாக இருக்கும். டெலஸ்கோப் பின்பக்கம் தடியாக இருந்தால் 60இல் விரல் இடிக்காது.

இரண்டாவது, சுட்ட காலித் தோட்டாவைப் பிடுங்குகிற முதல் அசைவு. கைப்பிடியைத் தூக்கி முடிக்கும் தறுவாயில் அதன் அடிப்பகுதி ரிசீவரில் உள்ள சரிவில் ஏறி, போல்ட்டை ஒரு நூல் பின்னால் நெம்ப வேண்டும். அந்த நெம்பு இல்லாத ஆக்‌ஷனில், வெயில் ஏறி அழுத்தம் கூடிய நாளில் தோட்டா அறையிலேயே ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையால் குத்தித் திறப்பவர்களை ரேஞ்சில் பார்த்திருப்பீர்கள்.

வடசேரி பட்டறை

இது நல்ல பாயிண்ட். அப்புறம் ஃபயரிங் பின் துளையையும் பாருங்கள். தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரைக் குத்தித் தீ மூட்டும் ஊசிதான் அந்தப் பின். பின் மெலிசாகவும் துளை அதற்கு ஒட்டினதாகவும் இருக்க வேண்டும். துளை அகலமாக இருந்தால் பிரைமரின் தகடு அழுத்தத்தில் துளைக்குள் பிதுங்கிக் கிண்ணம் மாதிரி ஆகும். அதைப் பார்த்து மருந்து அதிகம் என்று நினைத்துக் குறைப்பார்கள், பாவம் மருந்து என்ன செய்யும்?

ஸ்டெயின்லெஸ் வாங்கினால் லக்கில் கிரீஸ் மறக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் உலர்ந்து உரசினால் ஒன்றை ஒன்று கடித்துப் பிய்த்துவிடும். சாதா ஸ்டீல் என்றால் துரு. நம்ம ஊர் உப்புக் காற்றில் என் பட்டறை வெர்னியரே வருஷத்துக்கு ஒருமுறை சிவக்கிறது. பிரிஸ்பேனும் கடலோரம்தானே?

ரப்பர்க்காடு

ஒரு சந்தேகம். இதெல்லாம் நம்ம ஊரிலேயே சுட முடியாதா? கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது.

குலசேகரம் ஹவில்தார்

மக்கா, .177 ஏர் ரைஃபிள், 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸே வேண்டாம். .22க்கு லைசென்ஸ் வேண்டும், சங்கத்தில் சேர்ந்து படிப்படியாக மேலே வர வேண்டும். பட்டாளத் தோட்டா போகிற .303, 7.62 எல்லாம் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. 300 மீட்டர் போட்டி நாட்டில் உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான். நீ .22ஐ விடாதே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினது 50 மீட்டர் .22இல்தான். படுத்துச் சுடும் ஒழுக்கம் அதில் வந்துவிட்டால் ஆயிரம் கஜத்துக்கு மாறுவது பெரிய காரியமில்லை.

தக்கலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எங்கள் கிளப் கன்ஸ்மித்திடம் போனில் பேசினேன். எஃப் கிளாஸின் எஃப்டிஆர் என்ற பிரிவில், .308இல்தான் தொடங்கப் போகிறேன். எடை வரம்பு 8.25 கிலோ, முன்னால் பைபாட் (இரண்டு கால் தாங்கி). ஓபன் பிரிவில் 10 கிலோ வரை போகலாம், 8 மில்லிமீட்டர் வரை எந்தத் தோட்டாவும் சுடலாம். ஆனால் அங்கே பேரலுக்கே சம்பளம் போய்விடும்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் பீச்சாங்கைக்காரன். இடது தோளில்தான் வைத்துச் சுடுவேன். இடது கை ஆக்‌ஷன் என்றால் ஆர்டர் கொடுத்துப் பல மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்.

வடசேரி பட்டறை

ஐயா! நாலு நாளாக இதைச் சொல்லாமல் எங்களை எழுத வைத்தீர்களே!

குலசேகரம் ஹவில்தார்

பட்டாளத்தில் இப்படிக் கடைசியில் சொன்னால் மைதானத்தை மூன்று சுற்று ஓட வைப்போம்.

வெலிங்டன் நாஞ்சிலான்

திட்டாதீர்கள், இது அவருக்கு யோகம். தக்கலைக்காரரே, இடது கை ஆக்‌ஷன் வாங்கவே வேண்டாம். எஃப் கிளாஸில் துப்பாக்கியின் கனத்தைப் பைபாடும் பையும் தாங்குகின்றன. உங்கள் வலது கை சும்மா கிடக்கிறது. சாதாரண வலது போல்ட் ஆக்‌ஷன் வாங்கினால், இடது கை பிடியிலிருந்து எடுக்காமலே வலது கையால் திறந்து, தோட்டா போட்டு, மூடலாம். கன்னம் ஸ்டாக்கிலிருந்து எழும்பவே வேண்டாம். எங்கள் ரேஞ்சில் வலது கைக்காரர்கள் சிலர் இதே வசதிக்காக இடது போல்ட் ஆக்‌ஷனைத் தேடிப் போய் வாங்குகிறார்கள். உங்களுக்கு அது கடையில் இருக்கிற சாதாரண ஆக்‌ஷனிலேயே கிடைக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிரைமர் எப்போதாவது கிழிந்தால் வாயு வெளியேறுகிற துளை ரிசீவரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முகம் வழக்கத்துக்கு மறுபக்கம் இருக்கும். கண்ணாடி போடாமல் சுடவே கூடாது.

தக்கலைக்காரன்

கிளப் துப்பாக்கியில் நாலு வருஷமாக நான் செய்வதே அதுதான், வலது கையால் போல்ட். அதை ஒரு குறையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, முடிவு: பார்னார்ட், வலது போல்ட், .308 தோட்டாவுக்கு ஏற்ற போல்ட் முகம். காரணம் பெரிசாக ஒன்றுமில்லை. எங்கள் கிளப்பில் ஆறு பேர் அதையே வைத்திருக்கிறார்கள், கன்ஸ்மித்திடம் அளவு கைவசம் இருக்கிறது, ஒருவர் பாதி ஓடின பேரல் ஒன்றைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருக்கிறார். காசு மிஞ்சும் என்று நம்பி நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப் (இலக்கையும் காற்றையும் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை முன்பே வாங்கி, ஊருக்கே கொண்டுவந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வடசேரி பட்டறை

700 அளவில் ஒரு கஸ்டம் வாங்கியிருந்தால் ட்ரிகரும் ஸ்டாக்கும் உலகம் பூராவும் கிடைத்திருக்கும் என்பது என் கட்சி. மாற்ற மாட்டேன். ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிற இயந்திரத்தை வாங்குவது புத்திசாலித்தனம்தான். கேஜ், டயல் எல்லாம் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு நாள் பட்டறைக்கு வாங்க.

குலசேகரம் ஹவில்தார்

தம்பி, அந்த ஸ்பாட்டிங் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. முப்பந்தல் காற்றாலைப் பக்கம் போவோம். கானல் ஓடுவதை ஸ்கோப்பில் பார்ப்போம். காற்று குறைந்தால் கானல் கொதிக்கிற மாதிரி நேராக மேலே எழும், கூடக் கூடச் சாய்ந்து கடைசியில் ஆறு மாதிரி படுத்துவிடும். இறக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுச் சொல்லித் தருகிறேன். ரப்பர்க்காடு, நீயும் வா.

கோடிமுனை

பெரியப்பாவும் வருகிறார். எத்தனை மணிக்கு, எங்கே?

குலசேகரம் ஹவில்தார்

ஆரல்வாய்மொழி ரயில் நிலையம் முன்னால், காலை 10. வெயில் ஏறினால்தான் கானல் வரும். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.